1957 லோட்டஸ் லெவனை விற்பது எப்படி: ரேஸ் காருக்கும் தாய்ப்பத்திரம் உண்டு

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் ஒரு குடும்பத்திடம் 1957ஆம் வருஷத்து லோட்டஸ் லெவன் ரேஸ் கார் இருக்கிறது. கோவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின், அலுமினிய பாடி. கூடவே பழைய லாக்புக் (அன்றைய வண்டிப் பதிவுப் புத்தகம்), கைமாறிய ரசீதுகள், ரேஸ் புரோகிராம்கள் என்று ஒரு பெட்டி நிறையக் காகிதம். 1960களின் கடைசியில் நாலைந்து வருஷம் மட்டும் கார் யார் கையில் இருந்தது என்று தெரியவில்லை. பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிட்டு விற்கலாமா? ஏலத்தில் போடுவதா, டீலரிடம் கொடுப்பதா? அந்த நாலைந்து வருஷத்தைப் பற்றிச் சொல்வதா, பேசாமல் விட்டுவிடுவதா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் வேண்டாம், எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். இடைவெளியை வாங்குபவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். ஏலமா டீலரா என்பது அதற்கெல்லாம் பிறகு.

மனை வாங்கப் போகிறவர் மண்ணைப் பார்ப்பதற்கு முன்பே தாய்ப்பத்திரம் கேட்பார். அங்கிருந்து இன்றைய கிரயம் வரை ஒவ்வொரு கைமாற்றமும் அறுபடாமல் வருகிறதா, நடுவில் வில்லங்கம் உண்டா என்று பார்ப்பார். பழைய ரேஸ் காருக்கும் அதே கணக்குதான். ரேஸ் கார் என்றால் மோதும், எரியும், சீசனுக்குச் சீசன் பாகம் மாறும். எழுபது வருஷம் கழித்துத் தொழிற்சாலையில் மாட்டிய உலோகம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? "இந்த எண்ணுள்ள கார் அன்று தொட்டு இன்றுவரை ஒரே காராகவே இருந்துவந்திருக்கிறது" என்ற தொடர்ச்சிக்குத்தான் வாங்குபவர் பணம் தருகிறார்.

லண்டன் நீதிமன்றமே இப்படி ஒரு வழக்கைத் தீர்த்திருக்கிறது. 1929, 1930 இரண்டு வருஷமும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' காருக்கு 1990ல் 1 கோடி பவுண்டு விலை பேசி முடித்தார்கள். பிறகு வாங்க இருந்த நிறுவனம், இதில் 1929ன் பாகம் எதுவும் பெரிதாக மிச்சமில்லை, இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கியது. நீதிபதி ஆட்டன் பாகக் கணக்கை மறுக்கவில்லை. 1929ல் வெளிவந்த நிலையில் உள்ள 'அசல்' என்று இதைச் சொல்ல முடியாது என்றே எழுதினார். ஆனால் எந்தக் கட்டத்திலும் பழைய கார் முடிந்து புதுக் கார் ஒன்று தொடங்கவில்லை, மாறி மாறி வந்தாலும் இது அதே கார்தான் என்று தீர்ப்புச் சொன்னார். விற்றவர் ஜெயித்தார். அவரைக் காப்பாற்றியது உலோகம் அல்ல, சங்கிலி.

சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாகுவார் டி-டைப் ரேஸ் காரைப் பாருங்கள். அந்தக் காரில் நடுக்கூடு தனி, முன் ஃபிரேம் தனி. 1955 முதல் வந்த கார்களில் இரண்டையும் போல்ட் போட்டுத்தான் சேர்த்திருக்கிறார்கள், கழற்றினால் பிரிந்துவிடும். எக்ஸ்கேடி 530 என்ற காரின் பாகங்கள் இப்படிப் பிரிந்து, ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு இரண்டு கார்கள் உலவின. கடைசியில் ஒருவரே இரண்டையும் வாங்கி, பாகங்களை ஒரே காரில் சேர்த்த பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. அதே டி-டைப்பில் 1956 லெ மான் வென்ற எக்ஸ்கேடி 501க்கு இப்படிச் சந்தேகமே கிடையாது, விரல்விட்டு எண்ணக்கூடிய உரிமையாளர்கள். 2016ல் அமெரிக்காவின் மான்டரே ஏலத்தில் 2 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் போனது.

லெவன் அந்த விலைக்காரி இல்லை. 1956 முதல் 1958 வரை சுமார் 270 கார்கள் செய்தார்கள். நல்ல வரலாறுள்ள கிளைமாக்ஸ் கார் என்றால் ஒரு லட்சம் பவுண்டை ஒட்டிப் பேசுவார்கள். ஆனால் வாங்குபவர் கேட்கும் கேள்விகள் எல்லாம் அதேதான்.

எண்ணில் தொடங்குங்கள். லெவனின் சேஸி எண் ஒரு தகட்டில் இருக்கும். அந்தத் தகடு ரிவெட் அடித்து மாட்டியது, பத்து நிமிஷத்தில் கழற்றி வேறு காரில் மாட்டிவிடலாம். அதனால் தகட்டை மட்டும் நம்பி விவரமுள்ள எவரும் வாங்கமாட்டார். ஃபிரேமைப் பார்ப்பார்கள். அதைச் செய்தது லோட்டஸ் அல்ல, புரோகிரஸ் சேஸி என்ற வெளி நிறுவனம். பாடியை அடித்தது வில்லியம்ஸ் அண்ட் பிரிட்சர்டு. வடிவம் ஃபிராங்க் காஸ்டினுடையது. ஃபிரேமில் செய்தவர் அடித்த எண் ஏதாவது கிடைத்தால் அது லோட்டஸ் சேஸி எண்ணோடு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. பொருந்தவில்லையே என்று பயந்துபோய் அதைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். எஞ்சின் எண், கியர்பாக்ஸ் கேசிங்கில் உள்ள வார்ப்பு எண், டிஃபரன்ஷியல் எண் எல்லாம் கூடவே.

எண்ணைப் படம் எடுக்கும் விதம் முக்கியம். கம்பி பிரஷ், எமரி தாள் பக்கமே போகாதீர்கள். வைட் ஸ்பிரிட்டில் நனைத்த பழைய துணியால் எண்ணெய் அழுக்கை மட்டும் ஒற்றி எடுங்கள். பெயின்டைச் சுரண்ட வேண்டாம். டார்ச்சை உலோகத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், அடித்த எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். நாலு பக்கத்திலிருந்தும் ஒளி விழும்படி நாலு படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. எழுத்தின் வடிவம், ஆழம், ஒரு எழுத்து சாய்ந்திருப்பது, ரிவெட்டின் தலை பழையதா புதியதா, இவற்றையெல்லாம்தான் நிபுணர் பார்ப்பார். நன்றாகத் துலக்கிப் பளபளவென்று வைத்த எண், துலக்கிய காரணத்தாலேயே சந்தேகத்துக்கு ஆளாகும்.

அடுத்தது ஓட்டைகள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பல கார்களின் அடையாளத்தை நிலைநாட்டியது இந்த ஓட்டைகள்தான். அன்றைய ரேஸ் காரில் ஒரு மீட்டர் மாற்றினால் டாஷ்போர்டில் பழைய ஓட்டை மிச்சமிருக்கும். விண்ட்ஸ்கிரீனை இடம் மாற்றியிருந்தால் ஸ்கட்டிலில் (அதற்கு அடியிலுள்ள தகட்டில்) ரிவெட் வரிசை இரண்டாக இருக்கும். பின்பார்வைக் கண்ணாடி மாட்டிய இடம், பானட் பட்டை பூட்டிய இடம், எண்ணெய் நிரப்பும் மூடியின் இடம், ஒட்டுப்போட்ட அலுமினியத் துண்டின் ஓரம், எல்லாம் கைரேகை மாதிரி. 1957, 58ல் அந்தக் கார் ஓடிய படம் ஒன்று கிடைத்து, அதில் தெரியும் ஓட்டை இன்றைய காரில் அதே இடத்தில் அடைபட்டுக் கிடந்தால், பத்து கடிதங்களுக்குச் சமம். விற்பதற்கு முன் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்றேனே, அதற்கு முதல் காரணம் இதுதான். புட்டி போட்டு வழவழப்பாக்கியதும் சாட்சி புதைந்துபோகும். பாடி மெல்லிய அலுமினியம், பழைய பெயின்டை எடுக்க மணலைப் பீய்ச்சியடித்தால் தகடே நெளியும், அதுவும் தனிக் கவலை.

லெவனுக்கென்று இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது, தொழிற்சாலை பல கார்களை முழு வண்டியாக விற்கவே இல்லை. அன்றைய பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கிடையாது. அதனால் ஹார்ன்சியில் இருந்த லோட்டஸிடமிருந்து பெட்டிகளாக வாங்கிப்போய்த் தாமே பூட்டினார்கள். இப்படிப்பட்ட காருக்குத் 'தொழிற்சாலை விற்பனை ரசீது' என்று ஒற்றைக் காகிதம் கிடைக்காது. ஃபிரேம் ரசீது ஒரு தேதி, எஞ்சின் ரசீது வேறு தேதி, பதிவு ஆறு மாதம் தள்ளி என்று இருக்கும். அது குறை அல்ல, அந்தக் காலத்து நடைமுறை. ஆனால் விளக்காமல் விட்டால் வாங்குபவர் குறையாகத்தான் பார்ப்பார். உங்கள் கோப்பில் ஒரு பத்தியாக எழுதிவையுங்கள்.

இரண்டாவது, எந்த ரகம் என்பது. 'லெ மான்' ரகத்தில் பின்னால் டி டியான் அச்சு (இரு சக்கரங்களையும் ஒரு குழாய் இணைக்கும் இலகுவான அமைப்பு), டிஸ்க் பிரேக், 1,098 சிசி கிளைமாக்ஸ் எஃப்டபிள்யூஏ எஞ்சின். 'கிளப்' ரகத்தில் அதே எஞ்சின், ஆனால் சாதாரணப் பின் அச்சு, டிரம் பிரேக். 'ஸ்போர்ட்' ரகத்தில் ஃபோர்டின் 1,172 சிசி சைடுவால்வ். 1957ல் வந்த இரண்டாம் வரிசையில், முன்பக்கம் பழைய ஸ்விங் அச்சு போய் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் V வடிவக் கை) வந்தது. லெ மான் ரகத்துக்கு விலை அதிகம் என்பதால் கிளப் காராகப் பிறந்ததை டி டியான் போட்டு லெ மானாக்கிய கார்கள் உண்டு. ரேஸ் ஓட்ட அதில் தப்பில்லை. ஆனால் விளம்பரத்தில் 'லெ மான்' என்று மொட்டையாக எழுதினால் தப்பு. பின்பக்கப் பிடிமானங்களைப் பார்த்தாலே தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். "கிளப் ரகமாகப் பிறந்து, 1962ல் டி டியான் பூட்டப்பட்டது" என்று எழுதினால் அதே மாற்றம் வரலாற்றின் ஒரு பகுதியாகிவிடும்.

எஞ்சினும் அப்படியே. எஃப்டபிள்யூஏ தீயணைப்புப் பம்புக்காகச் செய்த எஞ்சினிலிருந்து வளர்ந்தது. பிற்காலத்தில் பலர் அதைக் கழற்றிவிட்டு லோட்டஸ் எலீட்டின் 1,216 சிசி எஃப்டபிள்யூஇ எஞ்சினைப் போட்டார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளாக்கில் அடித்த எண்ணின் முன்னெழுத்தைப் பாருங்கள். பழைய எஃப்டபிள்யூஏ பிளாக் உடைந்ததானாலும் கொட்டகையில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதையும் காரோடு சேர்த்தே கொடுங்கள்.

நகல் கார் சந்தேகமும் வரும். வெஸ்ட்ஃபீல்ட் நிறுவனமே 1980களில் லெவனின் நகலில்தான் தொழிலைத் தொடங்கியது. நகல் செய்வதில் தப்பில்லை. அந்த நகலுக்கு எங்கோ கிடைத்த அசல் தகட்டை மாட்டினால்தான் தகராறு. அதனால் விற்க முடிவுசெய்ததுமே பழைய லோட்டஸ் கார்களின் பதிவை வைத்திருக்கும் ஹிஸ்டாரிக் லோட்டஸ் ரெஜிஸ்டருக்கு எழுதி, உங்கள் எண் அவர்கள் பதிவில் எப்படி இருக்கிறது, வேறு யாராவது அதே எண்ணைச் சொல்லிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். விளம்பரம் போட்ட பிறகு எங்கிருந்தோ ஒருவர் "அந்தக் கார் என்னிடம் இருக்கிறது" என்று மின்னஞ்சல் அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இனி கோப்பு. பெட்டியைத் திறந்து அப்படியே கொடுக்காதீர்கள். முதலில் ஒரு அட்டவணை: வருஷம், யார் கையில், எந்த ஊர், எந்தக் காகிதம் அதை நிரூபிக்கிறது. கடைசிப் பத்தி காலியாக இருக்கும் வரிகள்தான் உங்கள் பலவீனம். காகிதங்களில் தரவரிசை உண்டு. அந்தக் காலத்திலேயே மூன்றாம் ஆள் எழுதியது முதல் தரம்: கவுன்சில் முத்திரை விழுந்த லாக்புக், ரேஸ் என்ட்ரி பட்டியல், தேதி போட்ட படம், பத்திரிகை விளம்பரம். அதற்கடுத்தது உரிமையாளர்களுக்குள் எழுதிக்கொண்ட ரசீதும் கடிதமும். கடைசியில்தான் இருபது முப்பது வருஷம் கழித்து முன்னாள் உரிமையாளர் நினைவிலிருந்து எழுதித் தந்த கடிதம். அது பயனற்றது அல்ல, தனியாக நிற்காது, அவ்வளவே.

எல்லாவற்றையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுங்கள், காகிதத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து. பென்சிலில் கிறுக்கிய முகவரியோ புகைப்படக்காரரின் முத்திரையோ பின்பக்கத்தில்தான் இருக்கும். லேமினேட் செய்தால் ஆவணம் செத்தது. பிவிசி உறையும் வேண்டாம், காலப்போக்கில் மையை இழுத்துவிடும். பாலியஸ்டர் உறை போதும். கேட்பவர்களுக்கு ஸ்கேன் அனுப்புங்கள், அசல் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. பார்க்க விரும்புகிறவர் வந்து பார்க்கட்டும். வி5சி பதிவுச் சான்றைப் படம் பிடித்துப் போடும்போது அதிலுள்ள 11 இலக்க ஆவண எண்ணை மறைக்க மறக்காதீர்கள். அதை வைத்து மோசடி செய்பவர்கள் இருக்கிறார்கள். வி5சி உரிமைச் சான்று அல்ல என்று அந்தக் காகிதத்திலேயே அச்சிட்டிருக்கும். வண்டியைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்று மட்டுமே அது சொல்லும். நீங்கள் வாங்கிய ரசீது, அல்லது உயில் வழி வந்ததென்றால் புரோபேட், அதுதான் உரிமை.

இப்போது அந்த நாலைந்து வருஷம். முதலில் தேடிப் பாருங்கள். பிரிட்டனில் 1974 வரை வண்டிப் பதிவு உள்ளூர் கவுன்சில்களிடம் இருந்தது. பிறகு ஸ்வான்சீ ஊரிலுள்ள மத்திய அலுவலகத்துக்குப் போனது. பழைய பதிவேடுகள் சில மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும், டிராய்ட்விச் ஊரில் உள்ள கிட்ஹெட் டிரஸ்ட்டிலும் மிஞ்சியிருக்கின்றன. அந்த மத்திய அலுவலகமான டிவிஎல்ஏ-விடம் வி888 படிவத்தில் தகவல் கேட்கலாம். தனியுரிமை காரணமாகப் பெயர்களை மறைத்துத் தரவும், மறுக்கவும் வாய்ப்புண்டு. அன்றைய வார இதழ்களின் வரி விளம்பரங்களைப் புரட்டுங்கள். ரேஸ் கார்கள் பெரும்பாலும் அங்கேதான் விலைபோயின. பதிவு எண்ணோ, "1100 கிளைமாக்ஸ், பச்சை, ஒன்பது சக்கரங்களுடன்" என்ற வகை வர்ணனையோ கிடைத்தால் ஒரு கண்ணி சேரும். படங்களுக்குப் பியூலி நேஷனல் மோட்டார் மியூசியம், ஃபுளோரிடாவின் ரெவ்ஸ் இன்ஸ்டிட்யூட் போன்ற இடங்கள். கார் அமெரிக்கா போய்த் திரும்பியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், அங்கே ரேஸ் காருக்குப் பதிவே இல்லாமல் வெறும் விற்பனைச் சீட்டில் கைமாறுவது சகஜம் என்பதை நினைவில் வையுங்கள். சீட்டு தொலைந்தால் தடமும் தொலைந்தது.

எல்லாம் தேடியும் கிடைக்கவில்லையென்றால் அட்டவணையில் அப்படியே எழுதுங்கள்: "1966 முதல் 1970 வரை உரிமையாளர் தெரியவில்லை. இன்னின்ன இடங்களில் தேடப்பட்டது." இடைவெளிக்கு முன்னாலும் பின்னாலும் எடுத்த படங்களில் அதே ஓட்டை, அதே ஒட்டுத் தகடு தெரிந்தால் பக்கத்தில் சேர்த்துவையுங்கள். உரிமையாளர் பெயர் தெரியாவிட்டாலும் கார் மாறவில்லை என்பது அதில் தெரிந்துவிடும். நேர்மையாகச் சொன்ன இடைவெளிக்கு வாங்குபவர் விலையில் கொஞ்சம் குறைப்பார். ஊகத்தால் ஒட்டுப்போட்ட இடைவெளியைக் கண்டுபிடித்தால் மிச்சமுள்ள உண்மையான காகிதங்களையும் நம்பமாட்டார். "ஜிம் கிளார்க் ஓட்டியதாகச் சொல்லப்படுகிறது" என்று புகழ்பெற்ற ரேஸ் வீரர் பெயரைப் போடும் வகை வாக்கியங்களைத் தயவுசெய்து எழுதாதீர்கள். ஆதாரம் இருந்தால் 'ஓட்டினார்', இல்லையென்றால் அந்தப் பெயரே வேண்டாம்.

ரேஸ் ஓட்ட வாங்குபவர் உடனே கேட்பது எஃப்ஐஏ என்ற உலக மோட்டார் பந்தய அமைப்பின் எச்டிபி. அது காரின் தொழில்நுட்பப் பாஸ்போர்ட், பிரிட்டனில் மோட்டார்ஸ்போர்ட் யூகே வழியாக வாங்க வேண்டும், 10 வருஷம் செல்லும். லெவன் அதில் 1947-1960 காலப் பிரிவில் வரும். எச்டிபி இருப்பதால் கார் அசல் என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்து அமைப்பில் கார் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும், நன்றாகச் செய்த நகலுக்கும் கிடைக்கும். எஃப்டபிள்யூஏ என்று எச்டிபியில் எழுதிவிட்டு 1,216 சிசி எஞ்சின் காரில் உட்கார்ந்திருந்தால் அது செல்லாக்காசு. காலாவதியாக ஒரு வருஷமே இருந்தால் விற்கும் முன் புதுப்பிப்பது லாபம்தான். இதுவரை எடுக்கவே இல்லையென்றால் அதற்காக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம்.

இயந்திர வேலையில் எனக்குள்ள கொள்கை எளிது: சோதிக்கலாம், மாற்றக்கூடாது. சிலிண்டர் கம்ப்ரஷன், லீக்-டவுன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) இரண்டையும் எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுத்து எண்களை எழுதிவையுங்கள். கிளைமாக்ஸில் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், பல வருஷம் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் நீர்வழிகள் உள்ளே அரித்துப்போயிருக்கும். லீக்-டவுனின்போது ரேடியேட்டரில் குமிழி வந்தால் அதுதான். அப்படி வந்தாலும் நீங்கள் பிரிக்காதீர்கள். எழுதிச் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் எப்படியும் தனக்குப் பிடித்த எஞ்சின்காரரிடம்தான் கொடுப்பார், நீங்கள் செலவழித்த பவுண்டுகள் விலையில் முழுதாகத் திரும்பி வராது. ஃபிரேம் மெல்லிய இரும்புக் குழாய், உள்ளிருந்து துருப்பிடிக்கும். அல்ட்ராசவுண்ட் கருவியால் கீழ்க்குழாய்களின் கனத்தை அளந்து ஒரு படத்தில் குறித்துக் கொடுத்தால் வாங்குபவருக்குப் பெரிய நிம்மதி. ஸ்டப் ஆக்சில், ஸ்டியரிங் கை, விஷ்போன், டி டியான் குழாய் இவற்றுக்கு விரிசல் சோதனைச் சான்று இருந்தால் கோப்பில் வையுங்கள். தேதி தீரும் பொருள்கள் தனி: எரிபொருள் பை டேங்க் 5 வருஷம், நீட்டிப்போடு 7. தீயணைப்பான் 2 வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ். சீட் பெல்ட்டின் காலாவதித் தேதி. இதையெல்லாம் நீங்கள் மாற்ற வேண்டியதில்லை, தேதிகளைப் பட்டியலிடுங்கள். மாற்றியே ஆக வேண்டியவை பிரேக் ஹோஸ், எரிபொருள் குழாய், பழைய பெட்ரோல். காட்டும்போது வண்டி பாதுகாப்பாக ஓட வேண்டும்.

எங்கே விற்பது? ஏலத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சுத்தியல் விலை, அதாவது ஏலத்தில் கடைசியாகக் கேட்ட விலை, 1,00,000 பவுண்டு என்று வையுங்கள். வாங்குபவர் பிரீமியம் (ஏல நிறுவனம் அவரிடம் பிடிக்கும் கட்டணம்) 15%, அதன் மேல் 20% வாட் வரி, அவர் கொடுப்பது 1,18,000. உங்களிடம் 5% கமிஷனும் அதற்கு வாட்டும் பிடித்தால் கையில் 94,000. நடுவில் போனது 24,000. இந்தச் சதவீதங்கள் ஏல நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விற்பவர் கமிஷன் பேசிக் குறைக்கக்கூடியது, கேட்லாக் படச் செலவு, வண்டி ஏற்றும் செலவையும் சேர்த்துப் பேசுங்கள். ஏலத்தின் உண்மையான ஆபத்து கமிஷன் அல்ல. விலைபோகாமல் திரும்பினால் அந்த முடிவு இணையத்தில் என்றைக்கும் கிடக்கும். அடுத்த இரண்டு மூன்று வருஷம் வருகிறவரெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். ரிசர்வ் விலையை (இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்ற விலையை) உயரத்தில் வைத்து அடம்பிடிப்பவர்களுக்கு இதுதான் நடக்கும். பெரிய பெயர் ஓட்டிய கார், முதல்முறையாகச் சந்தைக்கு வரும் கார் என்றால் ஏலம் பொருந்தும். லெவன் மாதிரி, வாங்கக்கூடியவர்கள் யார் யார் என்று ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்த காருக்கு, அந்த வட்டத்தை அறிந்த ஸ்பெஷலிஸ்ட் டீலர் வழியாகவோ கிளப் வழியாகவோ சத்தமில்லாமல் விற்பது நல்லது என்பது என் கணிப்பு. குளிர்காலத்தில் தொடங்குங்கள். ஓட்டுபவர்கள் அடுத்த சீசனுக்கு எந்த அழைப்புக்கு எந்தக் கார் என்று திட்டமிடும் நேரம் அது. பழைய கார்கள் பந்தயம் ஓடும் குட்வுட் போன்ற இடங்களில் அழைத்தால்தான் ஓட்ட முடியும், அழைப்புக்குக் காரின் வரலாறும் ஒரு காரணம்.

டீலரிடம் கொடுத்தால் "உங்களுக்கு இவ்வளவு தந்துவிடுகிறேன், மேலே வருவது எனக்கு" என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். என்ன விலைக்கு விற்றாலும் இத்தனை சதவீதம் என்று வெளிப்படையான கமிஷன் எழுதுங்கள். கார் உங்கள் உடைமை, விற்றாலும் பணம் தனிக் கணக்கில்தான் வர வேண்டும், கார் அவர் ஷோரூமில் இருக்கும்வரை ஒப்புக்கொண்ட மதிப்புக்கு இன்சூரன்ஸ் என்று மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். டீலர் திவாலானால் உங்கள் கார் அவருடைய சொத்தோடு கலந்துபோகாமல் இருக்க அந்தக் காகிதம்தான் வழி.

தனியாள் விற்றாலும் 1979ஆம் வருஷத்து பொருள் விற்பனைச் சட்டப்படி வர்ணனைக்கு ஏற்ற பொருளைத்தான் கொடுக்க வேண்டும். பொய்யான தகவலுக்கு 1967ன் தவறான கூற்றுச் சட்டம் இருக்கிறது. 'உள்ளது உள்ளபடி' என்று கீழே எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்பது கனவு. விற்பனை ஒப்பந்தத்தில் உங்கள் அட்டவணையையே இணைப்பாக வைத்து, "விற்பவருக்குத் தெரிந்தது இவ்வளவே, வாங்குபவர் தன் நிபுணரை வைத்துப் பார்த்துக்கொண்டார்" என்று எழுதுவது உங்களைக் காக்கும். உதிரிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுங்கள். ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ விற்பனையில், காரைவிட்டுப் பிரிந்து வேறிடத்தில் கிடந்த அசல் கியர்பாக்ஸை யார் எப்படிக் கொண்டுவந்து தருவது என்ற ஒற்றை விஷயம் 2020ல் லண்டன் உயர்நீதிமன்றம் வரை போனது. கொட்டகையில் கிடக்கும் உடைந்த பிளாக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது இதனால்தான்.

வரி பற்றி: பிரிட்டனில் சாதாரணப் பயணிக் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ரேஸ் காரை வரித்துறை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனாலும் இயந்திரம் 'தேயும் சொத்து' என்ற வேறு விதியின் கீழ் பெரும்பாலும் விலக்கு கிடைக்கும், கம்பெனிக் கணக்கில் தேய்மானம் கோரியிருந்தால் கிடைக்காது. கணக்காளரிடம் இந்த இரண்டு விதியையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வாங்குபவர் வெளிநாட்டவர் என்றால், 50 வருஷம் தாண்டிய, குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கார் பிரிட்டனை விட்டுப் போக ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்திடம் ஏற்றுமதி உரிமம் வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். யார் விண்ணப்பிப்பது, மறுத்தால் முன்பணம் என்னாவது என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பணம் முழுதாக உங்கள் கணக்கில் விழுந்து, வங்கிக்கு நீங்களே போன் செய்து உறுதிசெய்த பிறகுதான் கார் நகர வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாதீர்கள், குரலிலும் சொல்லிச் சரிபாருங்கள். நடுவில் புகுந்து எண்ணை மாற்றும் கூட்டம் உண்டு. காரை ஒப்படைக்கும் அன்று கோப்பிலுள்ள ஒவ்வொரு அசல் காகிதத்துக்கும் எண் போட்ட பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதியும் எல்லா ஸ்கேன்களும் உங்களிடம் இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து அடுத்தவர் விற்கும்போது உங்களைத் தேடி ஒரு கடிதம் வரும். அவருடைய அட்டவணையில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் கட்டத்தை நிரப்ப அந்தப் பிரதி வேண்டும்.